வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம்: ஒடுங்கிய மனைகளுக்குக் கேள்வி பதில்

அகலம் 20 அடியோடு நின்றுவிட்டு நீளம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும் மனைகளைப் பற்றிய வாசகர் கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில் சொல்பவர்கள் எங்கள் கட்டடப் பொறியாளர் குழுவினர்.

கேள்வி: மதுரை அருகே 20-க்கு 60 அடியில் கிழக்குப் பார்த்த மனை வாங்கியிருக்கிறோம். வடக்கிலும் தெற்கிலும் எல்லையை ஒட்டியே மாடி வீடுகள் எழும்பிவிட்டன. உயரம் 21 அடி இருக்கும். வரைபடத்தில் தெற்கே 3 அடி சந்து விட்டிருக்கிறார்கள். அதை 4 அடியாக்கினால் நடு அறைகளுக்கு வெளிச்சம் வருமா?
– வாசகி, மதுரை

பதில்: வராது. அந்த ஒரு அடியை வேறு இடத்தில் செலவு செய்யுங்கள்.

கணக்கைப் பாருங்கள். தரைத்தளத்து ஜன்னலின் அடிக்கட்டை தரையிலிருந்து 3 அடி உயரத்தில் இருக்கும். எதிர்ச்சுவர் அதற்கு மேல் இன்னும் 18 அடி ஏறுகிறது. 3 அடி சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் 80 டிகிரிக்கு மேலேதான் வானம் தெரியும். சந்தை 4 அடியாக்கினாலும் 77 டிகிரிக்கு மேலேதான். உங்கள் ஊரில் டிசம்பர் கடைசியில் உச்சிவெயில் தெற்கே சாய்ந்து 57 டிகிரிக்கும் குறைவாகத்தான் வரும். மார்ச், செப்டம்பர் 21 வாக்கில் 80 டிகிரி. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நேர் தலைக்கு மேல். ஜூனில் வடக்கே தாண்டிப் போய் 76 டிகிரியில் நிற்கும். ஆக அந்தச் சந்துக்குள் நேர் வெயில் இறங்குவது வருஷத்தில் சில வாரங்கள், அதுவும் உச்சிவேளையில் கொஞ்ச நேரம். சந்து இருக்கவேண்டியது விதிக்காகவும், குழாய் போகவும், சுவருக்குப் பூச்சு பூச ஆள் நுழையவும்தான். அறைக்கு வெளிச்சம் தரும் வேலையை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் கட்டடத்தின் நீளம் 47 அடி என்று வைத்துக்கொள்வோம். சந்தை ஒரு அடி கூட்டினால் 47 சதுர அடி போகிறது. அதோடு இன்னும் 9 சதுர அடி சேர்த்தால் 8-க்கு 7 அடியில் ஒரு முற்றமே கிடைக்கும். நீளவாக்கில் இழுத்து விட்டால் எதற்கும் உதவாத அதே இடம், ஒரே இடத்தில் குவிந்தால் மூன்று அறைக்கு வெளிச்சம் தரும். அக்கிரகாரத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள்: இருபுறமும் பொதுச்சுவர், பக்கவாட்டில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. ரேழி (வாசலை அடுத்த நடை) தாண்டினால் முற்றம். அதைச் சுற்றித்தான் கூடமும் தாழ்வாரமும். பிறகு இரண்டாம் கட்டு, கொல்லை. ஒடுங்கிய மனைக்கு நம் ஊர்க்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்த விடை அது.

உங்கள் மனைக்கு நாங்கள் இப்படிப் பிரிப்போம். கிழக்கே தெருவிலிருந்து 8 அடி முன்வெளி, 16 அடி ஹால், 8 அடி முற்றம், 12 அடியில் சாப்பாட்டு இடமும் சமையலறையும், 11 அடி படுக்கையறை, மேற்கே 5 அடி பின்வெளி. கூட்டினால் 60. முன்னும் பின்னும் பக்கத்திலும் எவ்வளவு விடவேண்டும் என்பது தெரு அகலம், மனை அகலம், கட்டட உயரம் மூன்றையும் பொறுத்தது. அனுமதி வரைபடம் போடும்போதே அதை உறுதி செய்துகொண்டு மற்ற அளவுகளைச் சரிக்கட்டுங்கள்.

முற்றத்தை வீட்டின் நட்டநடுவில் வைக்காதீர்கள். தெற்குச் சந்தோடு ஒட்டி வையுங்கள். முற்றத்தின் 7 அடியும் சந்தின் 3 அடியும் சேர்ந்து தெற்கு வடக்காக 10 அடித் திறப்பு ஆகிவிடும். சந்துப் பக்கம் சுவர் வேண்டாம், கிரில் போதும். இதனால் என்ன கிடைக்கிறது? டிசம்பர் உச்சியில் பக்கத்து வீட்டுச் சுவரின் நிழல் தரையில் 14 அடி நீளும். முற்றத்தின் தரைக்கு வெயில் வராது. ஆனால் 10 அடி தள்ளி நிற்கும் முற்றத்தின் வடக்குப் பக்கச் சுவரில், தரையிலிருந்து 6 அடிக்கு மேல் வெயில் விழும். அந்தச் சுவரை வெள்ளையாக வைத்தால் மார்கழி மாதத்திலும் சாப்பாட்டு இடத்துக்கு விளக்கு வேண்டியிருக்காது. சந்தோடு சேர்க்காமல் தனியாக 7 அடிக் குழியாக விட்டிருந்தால் அதே வெயில் பத்தடி உயரத்திலேயே நின்றுபோயிருக்கும். அதாவது லிண்டலுக்கு (கதவு, ஜன்னல் தலைப்பின் மேல் போகும் காங்கிரீட் கட்டை) மேலே, யாருக்கும் பயனில்லாமல்.

மீதி அகலத்தில் வடக்குச் சுவரை ஒட்டி 3 அடிப் படிக்கட்டு, நடுவில் 5 அடிக்கு மேல் நடை. படி நேராக ஏறினால் 13 அடிக்குமேல் நீளம் எடுக்கும். அது சாப்பாட்டு இடம் வரை நீளட்டும், அடியில் கழிப்பறையோ ஸ்டோரோ வரும்.

இன்னொன்று, மாடியை எந்தப் பக்கம் எடுப்பது என்பது. முற்றத்துக்குக் கிழக்கே ஹாலுக்கு மேல் மாடி கட்டாமல், மேற்கே பின்பகுதிக்கு மேல் மட்டும் கட்டுங்கள். இரு பக்கமும் 21 அடி எழுப்பினால் 8 அடி அகல முற்றத்தின் தரைக்கு நேர் வெயில் வருவது நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. கிழக்குப் பக்கத்தை ஒரே தளமாக, 11 அடியோடு நிறுத்தினால் காலை பத்து மணிக்கே இளவெயில் முற்றத்தில் இறங்கிவிடும். பிற்பகல் வெயிலை மேற்கு மாடியே மறைத்துக்கொள்ளும். ஹாலின் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவரைச் செங்கல்லில் மூன்றரை அடி எழுப்பினால் இந்தக் கணக்குக் கெட்டுவிடும். ஒரு அடி சுவர், மேலே பைப் கிரில் என்று போடுங்கள்.

முற்றத் திறப்பைச் சுற்றி வரும் பீம்கள் கம்பி வரைபடத்திலேயே இருக்கவேண்டும். தளம் போட்ட பிறகு “இங்கே ஒரு ஓட்டை போட்டால் என்ன?” என்று கேட்கும் வீடுகள் நிறைய. கட்டர் வைத்து அறுத்தால் முதலில் அறுபடுவது உங்கள் தளத்தைத் தாங்கும் கம்பிதான்.

ஜன்னல் அளவையும் விட்டுவிடாதீர்கள். வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. வறண்ட வெப்பம் என்றால் பத்தில் ஒரு பங்கு. 11-க்கு 12 அறைக்கு ஆறில் ஒரு பங்கு 22 சதுர அடி. வழக்கமாக மேஸ்திரி வைப்பது 3-க்கு 4 ஜன்னல் ஒன்று, 12 சதுர அடி. அதுவும் ஸ்லைடிங் என்றால் திறப்பது பாதிதான். வெளிச்சம் அறைக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: ஜன்னல் தலைப்பின் உயரத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு. 7 அடி லிண்டல் என்றால் 14 முதல் 17 அடி வரை. அகலமான ஜன்னலைவிட உயரமான ஜன்னல் ஒடுங்கிய வீட்டுக்கு நல்லது.

கடைசியாக ஒரு மலிவான வேலை. சந்தைப் பார்த்திருக்கும் பக்கத்து வீட்டுச் சுவர் பூசாமல் செங்கல்லாக நிற்கிறதா? அவர்களைக் கேட்டுக்கொண்டு உங்கள் செலவில் பூசி வெள்ளையடித்துக் கொடுங்கள். அவர்களுக்கு ஒழுகல் நிற்கும், உங்களுக்கு வெளிச்சம் கூடும். வேண்டாம் என்று சொல்பவர்கள் குறைவு.

கேள்வி: எங்கள் மனைக்குத் திசை பார்க்க மூன்று பேர் மூன்று போனில் பார்த்தோம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை காட்டுகிறது. மனை சற்றுக் கோணலாக இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது. வீட்டையாவது நேர் கிழக்காகத் திருப்பிக் கட்டலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: போனுக்குள் இருப்பது காந்தமானி. பக்கத்தில் கம்பிக் கட்டு, நிறுத்திய பைக், போர்வெல் குழாய், இரும்பு கேட் எது இருந்தாலும் திரும்பிவிடும். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம் பக்கம் உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான், அது பிரச்சினையே இல்லை.

நிழலை வைத்துப் பாருங்கள், செலவில்லை. மனையில் ஓர் இடத்தை மட்டப்பலகை வைத்துச் சமன் செய்யுங்கள். 3 அடி உயரத்துக்கு நேரான கம்பு ஒன்றைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நடுங்கள். கம்பின் அடியை மையமாக வைத்து, கயிற்றால் அதே 3 அடி ஆரத்தில் வட்டம் போடுங்கள். காலையில் நிழல் வட்டத்துக்கு வெளியே நீண்டிருக்கும், போகப்போகச் சுருங்கும். நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஓர் ஆணி அடியுங்கள். மாலைப்பக்கம் நிழல் மறுபடி நீண்டு வட்டத்தைத் தொடும்போது இன்னோர் ஆணி. காலைத் தொடல் பருவத்தைப் பொறுத்து ஒன்பதிலிருந்து பத்தரைக்குள், மாலைத் தொடல் இரண்டிலிருந்து மூன்றரைக்குள் வரும். இரண்டு ஆணியையும் இணைக்கும் கயிறுதான் கிழக்கு மேற்கு. காலையில் அடித்த ஆணி மேற்கு. கம்பு ஒரு விரற்கடை சாய்ந்திருந்தாலும் கோடு திரும்பிவிடும். அதனால் மாலை ஆணி அடிக்கும்போது தூக்குக்குண்டை மறுபடி பிடித்துப் பாருங்கள்.

வீட்டை மனைக்குள் திருப்புவது மட்டும் வேண்டாம். 40 அடி நீளக் கட்டடத்தை 5 டிகிரி திருப்பினால் அகலத்தில் மூன்றரை அடி போய்விடும். 20 அடி மனையில் அது ஓர் அறையின் உயிர். இரு பக்கமும் முக்கோணத் துண்டுகளாகக் குப்பை சேரும் இடம்தான் மிச்சம். வெளிச்சத்தைப் பொறுத்தவரை 5, 10 டிகிரி கோணலால் ஒரு நஷ்டமும் இல்லை. எல்லைக்கு இணையாகவே கட்டுங்கள், நிழற்கூரைகளை மட்டும் உண்மைத் திசைக்குக் கணக்குப் போட்டு வையுங்கள்.

கேள்வி: தெற்குப் பார்த்த 18-க்கு 55 மனை. மேற்கே காலி மனை. நீளச்சுவர் முழுவதும் மேற்கு வெயிலைப் பார்க்கிறது. பெரிய சன்ஷேடு போட்டால் போதும் என்கிறார் மேஸ்திரி. போதுமா?
– வாசகர், திருச்சி

பதில்: தெற்கு ஜன்னலுக்குச் சொல்லியிருந்தால் சரி. 2 அடி சன்ஷேடு டிசம்பர் உச்சியிலேயே 3 அடி உயரத்துக்கு நிழல் தரும், மற்ற மாதங்களில் நிழல் இன்னும் கீழே இறங்கும். மேற்கில் அது எடுபடாது. மாலை நான்கேகால் மணிக்கு வெயில் ஏறத்தாழ 30 டிகிரியில் முகத்துக்கு நேராக வரும். அப்போது அதே 2 அடி சன்ஷேடு மறைப்பது ஓர் அடியும் இரண்டு அங்குலமும்தான். 4 அடி ஜன்னலில் மிச்சமெல்லாம் வெயில். மேற்கு வெயிலுக்குத் தேவை பக்கவாட்டு மறைப்பு: செங்குத்துப் பலகைகள், ஜாலிக் கற்கள் (ஓட்டை விட்டு வார்த்த கற்கள்), இல்லாவிட்டால் மரம்.

ஜன்னலைவிடச் சுவர்தான் உங்கள் தலைவலி. 9 அங்குலச் செங்கல் சுவர் பிற்பகலில் வாங்கும் சூட்டை உள்ளே கொண்டுவர ஆறேழு மணி நேரம் எடுக்கும். சரியாக நீங்கள் படுக்கப் போகும் நேரத்துக்கு அறை கொதிக்கும். ஆகவே அந்தச் சுவரை ஒட்டிப் படுக்கையைப் போடாமல், படிக்கட்டு, குளியலறை, ஸ்டோர், அலமாரிகளை வரிசையாக வையுங்கள். படுக்கையறைகளும் பெரிய ஜன்னல்களும் கிழக்குப் பக்கம். மேற்கில் லிண்டலுக்கு மேல் 2-க்கு ஒன்றரை அடி வென்டிலேட்டர்கள் மட்டும். இடத்தை மிச்சம் பிடிக்க மேற்குச் சுவரை நாலரை அங்குலமாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது மூன்று மணி நேரத்திலேயே சூட்டை உள்ளே விட்டுவிடும்.

வெப்பத் தடுப்புப் பலகை, இரட்டைச் சுவர் என்று அதற்குமேல் செலவு செய்ய வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பக்கத்து மனையில் நாளைக்கு வீடு எழும்பினால் உங்கள் மேற்குச் சுவர் நிழலில் போய்விடும். அதுவரைக்கும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சட்டம் அடித்துப் பச்சை வலை கட்டினாலோ கொடி ஏற்றினாலோ போதும். சுவரில் ஒட்டிக் கட்டினால் பயன் பாதிதான், நடுவில் காற்று ஏறிப்போக இடம் வேண்டும். மிச்சப்படும் பணத்தை மொட்டை மாடியில் வெள்ளை ஓடு பதிக்க வைத்துக்கொள்ளுங்கள். வெயில் உச்சந்தலையில் நிற்கும் நம் ஊரில் எந்தச் சுவரைவிடவும் அதிகம் காய்வது கூரைதான்.

கேள்வி: முற்றத்தைத் திறந்து விட்டால் மழை, கொசு, திருடன். மேலே ஷீட் போட்டு மூடினால் வெக்கை. எது சரி?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மூடுங்கள், ஆனால் அடைக்காதீர்கள்.

மழையைப் பற்றிய பயம் பெரும்பாலும் மிகை. 8-க்கு 7 முற்றத்தில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால்கூட விழுவது 260 லிட்டர். முற்றத் தரையை மற்ற தரையைவிட 3 அங்குலம் தாழ்த்தி, வாட்டம் சரியாகக் கொடுத்து, 4 அங்குலக் குழாய் வைத்தால் தேங்காது. மழைநீர்த் தொட்டிக்கு அந்தக் குழாயைத் திருப்பிவிடுங்கள். ஜாலி மூடியை வாரம் ஒருமுறை எடுத்துக் கழுவவேண்டும். முற்றம் நிரம்பி ஹாலுக்குள் தண்ணீர் வந்ததற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சருகோ பிளாஸ்டிக் பையோதான் இருக்கும்.

சாரல் வேண்டாம் என்றால் கூரை இப்படி. தளத்துக்கு மேல் திறப்பைச் சுற்றி 9 அங்குலத்துக்கு ஒரு வரம்பு எழுப்புங்கள். அது தளத்தோடு சேர்த்தே ஊற்றிய காங்கிரீட்டாக இருக்கவேண்டும். பிறகு செங்கல் வைத்துக் கட்டினால் தளமும் செங்கல்லும் சேரும் கோட்டில்தான் முதல் மழையிலேயே ஒழுகும், மேலே எத்தனை கோட் வாட்டர் புரூஃபிங் அடித்தாலும் சரி. வரம்பின் மேல் 16 மில்லிமீட்டர் சதுரக் கம்பியில் 4 அங்குல இடைவெளிக்கு கிரில். அதற்குமேல் ஒன்றரை அடிக்குக் கால்கள் நிறுத்தி, பக்கங்களைக் கொசுவலையோடு காற்றுக்குத் திறந்து விட்டு, உச்சியில் கண்ணாடி. வெக்கை அந்தப் பக்கவாட்டு இடைவெளி வழியாக வெளியேறும். கண்ணாடி நான்கு பக்கமும் வரம்பைத் தாண்டி ஓர் அடியாவது நீட்டிக்கொண்டிருக்கட்டும், வாட்டம் 10-க்கு 1.

கண்ணாடி லாமினேட்டட் ஆக இருக்கவேண்டும், 6 மில்லிமீட்டர் தகடு இரண்டு ஒட்டியது. டஃபன்ட் (சூடாக்கி உறுதியாக்கிய ஒற்றைக் கண்ணாடி) மட்டும் போட்டால் உடையும்போது மொத்தமும் சோளப்பொரி மாதிரி தலையில் கொட்டும். லாமினேட்டட் உடைந்தாலும் நடுவிலிருக்கும் படலம் பிடித்துக்கொள்ளும். பாலிகார்பனேட் ஷீட் மலிவுதான், ஆனால் புற ஊதாக்கதிர்ப் பூச்சு உள்ள பக்கத்தை மேலே வைத்துப் பொருத்தவேண்டும். தலைகீழாகப் போட்டுவிட்டால் சில வருஷத்திலேயே மஞ்சளித்துவிடும். பாதுகாப்புப் படலத்தில் எந்தப் பக்கம் மேல் என்று அச்சிட்டிருப்பார்கள். அவசரத்தில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் ஏணியில் ஏறுகிறார்கள்.

கண்ணாடிக்குக் கீழே வெயில் கூடுதலாக இறங்கினால் மூங்கில் பாயோ வெள்ளைத் துணியோ இழுத்துவிடலாம். கறுப்புக் கூலிங் ஃபிலிம் ஒட்டாதீர்கள். வெளிச்சத்துக்காக முற்றம் விட்டு அதை மறைக்கவும் காசு கொடுப்பதாகிவிடும்.

கேள்வி: வடக்கே காலி மனை. எல்லைச் சுவரிலேயே பெரிய ஜன்னல்கள் வைத்துக்கொண்டால் பிறகு பக்கத்துக்காரர் மறைக்க முடியாது என்கிறார்களே?
– வாசகர், தாம்பரம்

பதில்: தவறான தகவல். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்துக்கு உரிமை கோர 20 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்திருக்கவேண்டும். புது வீட்டுக்கு அந்த உரிமை கிடையாது. இரண்டு பக்கமும் 21 அடிச் சுவர் இருப்பதாக நினைத்தே வரையுங்கள்.

கேள்வி: முதல் கேள்வியில் உள்ளது போன்ற கிழக்கு மனைதான் எங்களுடையதும். 3 கிலோவாட் சோலார் போட இடம் வருமா? படிக்கட்டு அறையையும் தண்ணீர்த் தொட்டியையும் எங்கே வைப்பது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இடம் வரும். 540 வாட் பலகை ஆறு வேண்டும். நடக்கவும் துடைக்கவும் வழிவிட்டு 250 முதல் 300 சதுர அடி. தெற்குப் பார்த்து 10 முதல் 12 டிகிரி சாய்வு.

படிக்கட்டு அறை, தொட்டி இரண்டையும் வடக்கு ஓரத்தில் வையுங்கள். 8 அடி உயரப் படிக்கட்டு அறையின் நிழல் டிசம்பர் உச்சியில் வடக்கே 5 அடிக்கு மேல் விழும். ஜூனில் தெற்குப் பக்கம் விழுந்தாலும் 2 அடிதான். தெற்கில் வைத்தால் ஐப்பசியிலிருந்து தை வரை பலகை வரிசையில் ஒன்றிரண்டின் மேல் தினமும் நிழல். ஒரு பலகையில் நிழல் விழுந்தாலும் அதோடு தொடராக இணைத்திருக்கும் மற்ற பலகைகளின் உற்பத்தியும் இறங்கும். தெற்குக் கைப்பிடிச் சுவர் 3 அடி உயரம் என்றால் முதல் வரிசையை அதிலிருந்து 2 அடிக்குமேல் தள்ளித் தொடங்குங்கள், அல்லது ஸ்டாண்டை உயர்த்துங்கள். உயர்த்திவிட்டால் கீழே துணி காயப்போட நிழலும் கிடைக்கும், வடாம் காயப்போட மட்டும் வேறு இடம் பார்க்கவேண்டும்.